இடப்பக்கத்து எழுத்து

வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்னால் தகரத்தின் மேல் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. தெளித்தால்தான் எழுத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திச் சரியான இடத்தில் உட்கார வைக்க முடியும். பிறகு ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தண்ணீரை வெளியேற்றிவிட்டால் ஏழு வருஷத்துக்கு அசையாது. அவசரக்காரர்கள் காய்ந்த தகரத்தில் அப்பிவிட்டு, உள்ளே கொப்புளம் கட்டியதும் குண்டூசியால் குத்திக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்றீர்கள். அதைத்தான் தொடங்கியிருக்கிறேன். வாயால் சொன்னால் வாக்குமூலம் எழுதுகிற ரைட்டர் தம்பி தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிடுவார் என்பதால் தாள் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். என் பெயர் ஜெபமணி. வயது ஐம்பத்திரண்டு. ஓசூரில் ராயக்கோட்டை ரோட்டில் இருபத்து நான்கு வருஷமாக ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை.

நேரம் எங்கே போனது என்றால், ஒரு எழுத்துருவுக்குப் போனது. அதற்குப் ‘பாய்ச்சல்’ என்று பெயர் வைத்தேன். தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, முனையில் குஞ்சம் கொடுக்கு எதுவும் இல்லாத எழுத்து. கோடு ஆரம்பிக்கிற இடத்திலும் முடிகிற இடத்திலும் ஒரே பருமன். ஓடுகிற வண்டியில் நூறடி தூரத்திலிருந்து படிக்க வேண்டும், அதற்காகவே வரைந்தது. கம்ப்யூட்டரில் நிமிர்ந்த எழுத்தைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளினால் சாய்ந்த எழுத்து வந்துவிடும் என்று ஊரில் எல்லாக் கடைக்காரனும் நினைக்கிறான். வரும், குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவனைப் போல வரும். தள்ளும்போது ‘ண’வின் சுழிகள் நசுங்கும், ‘ழ’வின் வால் வீங்கும். நான் ஒவ்வொன்றையும் சாய்ந்த நிலையிலேயே புதிதாக வரைந்தேன். இருநூற்று நாற்பத்தேழையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை, துணைக்காலும் கொம்பும் பிரிந்து நின்றுவிடும். ஆனால் உகர, ஊகார வரிசைகள் ஆளைக் கொன்றுவிடும். மூன்று வருஷம் ஆனது.

அதோடு விட்டிருக்கலாம், ஆனால் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டுவிட்டது. தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், வழக்கே இதில்தான் இருக்கிறது. சாய்ந்த எழுத்து வலப்பக்கம் சாயும். வண்டியின் டிரைவர் பக்கத்தில் ஒட்டினால் பார்க்கிறவருக்கு வண்டியின் முகமும் வலப்பக்கம்தான், அதனால் எழுத்து வண்டியோடு சேர்ந்து ஓடும். அதே எழுத்தைக் கிளீனர் உட்காருகிற இடப்பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். வண்டி இடப்பக்கம் போகும், எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருக்கும். சட்டையைப் பிடித்து யாரோ பின்னால் இழுப்பது மாதிரி இருக்கும். தமிழ்நாட்டில் இருக்கிற அத்தனை வண்டியிலும் இடப்பக்கத்து எழுத்து பின்னால் விழுந்துகொண்டேதான் போகிறது. யாருக்கும் வயிறு எரியவில்லை.

எனக்கு எரிந்தது. இன்னும் இரண்டு வருஷம் உட்கார்ந்து, இடப்பக்கம் சாய்கிற இன்னொரு ‘பாய்ச்சல்’ வரைந்தேன், கிளீனர் பக்கத்துக்கென்றே. வாடிக்கையாளர்களிடம் காட்டினேன். “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போடுங்கண்ணா, எதுக்கு வம்பு?” என்றார்கள். கம்பெனி வேன்காரர்கள், கிரானைட் லாரிக்காரர்கள், தக்காளி வண்டிக்காரர்கள், ஒருத்தர் பாக்கியில்லை. பெங்களூரு போகிற வண்டிக்காரர் ஒருவர், “இது கோணையா இருக்குதுங்க, நேரா வெக்கத் தெரியாதா?” என்றே கேட்டார். சிரித்துக்கொண்டேன். கடைசியில் அந்த இடச்சாய்வு எழுத்து உலகத்தில் ஒரே ஒரு வண்டியில்தான் ஏறியது, என் சொந்த வெள்ளை வேனில். ‘ஜெபமணி ஆர்ட்ஸ்’ என்று, கருநீலத்தில், ஒன்றேகால் அடி உயரத்தில்.

கெலமங்கலம் ரோட்டில் ஒரு கிரானைட் கம்பெனி புதிதாக ஆபீஸ் கட்டியிருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளியே நிற்பவருக்கு முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி. அந்த வழியாகக் காலை ஆறரைக்கு வண்டியில் போனால், இடப்பக்கம் முழுவதும் அந்தக் கண்ணாடியில் நம் வண்டியே கூட வரும். கண்ணாடியில் எழுத்து புரண்டு தெரியும், ஆனால் சாய்வு மட்டும் புரளாது. வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே சாய்ந்து ஓடும். என் எழுத்து ஓடுவதை நான் பார்க்க இந்த ஊரில் அந்த ஒரு இடம்தான் உண்டு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்தில் மூன்று நான்கு நாள் போவேன். எண்பது மீட்டர் நீளம், நாற்பதில் போனால் ஏழு விநாடி. அந்த ஏழு விநாடியில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைப்பானேன்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த ஆபீஸின் வாட்ச்மேன் முனிராஜ், எதிர்ப்பக்கத்துக் கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் டீ வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்திருக்கிறார். அவர் பெயர் எனக்கு அப்போது தெரியாது. சத்தம் கேட்டுத்தான் முன்னால் திரும்பினேன்.

இறங்கிப் பார்த்தேன். இடப்பக்க முன்சக்கரத்துக்கு அடியில் அவருடைய வலது தொடை சிக்கியிருந்தது. எலும்பு பேண்ட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. டீயும் ரத்தமும் ஒன்றாக ஓடின. அவர் கத்தவில்லை. “அண்ணா, கால எடுங்கண்ணா” என்றுதான் சொன்னார், வண்டியில் லிஃப்ட் கேட்கிற குரலில். நான் முதலில் எழுத்தில் ரத்தம் தெறித்திருக்கிறதா என்று பார்த்தேன். ‘ஜெ’வின் கீழ்ப்பாதியில் தெறித்திருந்தது. கர்ச்சீப்பால் துடைத்தேன். ஸ்டிக்கரில் ரத்தம் காய்ந்தால் கறை நிற்கும்.

நான் துடைப்பதை அவர் படுத்தபடியே பார்த்தார். பிறகு எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். “ஜெபமணி ஆர்ட்ஸ்... நீங்கதாங்களா ஜெபமணி?”

ஆமாம் என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

மேடம், முதல்முறை ஏறியது விபத்து. அதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அவர் பெயரைப் படிக்காமல் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். படித்துவிட்டார். அதிலும் பெயரைத்தான் படித்தார், எழுத்தைப் பார்க்கவில்லை. நான் ஏறி உட்கார்ந்து வண்டியைப் பின்னால் எடுத்தேன். சக்கரம் தொடையை விட்டு இறங்கியதும், பாவம், அவர் உதவி செய்கிறேன் என்று நினைத்து “நல்லா இருப்பீங்கண்ணா” என்றார். பிறகு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்து முன்னால் எடுத்தேன். இந்தத் தடவை சக்கரம் நெஞ்சின் மேல் போனது. தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு பின்சக்கரம் ஏறுகிற சத்தம். நம்பர் பிளேட் மேல் கிரானைட் லாரிகள் கிளப்புகிற வெள்ளைப் புழுதி அப்பியிருந்தது. ஆபீஸ் கேமராவுக்கு இன்னும் ஒயர் இழுக்கவில்லை. டீக்கடைக்காரர் அடுப்பு மறைவில் இருந்தார். நான் போய்விட்டேன். காவேரிப்பட்டினத்தில் பம்பர் நசுங்கலைத் தட்டி எடுத்தேன். வேனைக் கடைக்குப் பின்னால் நிறுத்திப் பழைய ஃப்ளெக்ஸ் போட்டு மூடினேன்.

ஹீட் கன் வைத்துச் சூடு காட்டினால் ஸ்டிக்கர் பத்து நிமிஷத்தில் உரிந்து வந்துவிடும். இரண்டு முறை ஹீட் கன்னை எடுத்துக்கொண்டு போனேன். கையே வரவில்லை. ஐந்து வருஷ உழைப்பு ஒட்டியிருக்கிற ஒரே தகரம் அது. பெற்ற பிள்ளையைப் பொசுக்கு என்றால் பொசுக்குவீர்களா?

எட்டாவது நாள் மதியம் உங்கள் ஏட்டு ஜெகதீஷ் கடைக்கு வந்தார். ஸ்டேஷன் பைக்குகளுக்கெல்லாம் நான்தான் எழுத்து ஒட்டுகிறேன், அந்தப் பழக்கம். பின்னால் ஒரு பெண்மணி நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், கையில் ஒயர் கூடை.

“ஜெபமணி அண்ணா, ஒரு சின்ன ஒதவி. இவங்க மாரம்மா. கெலமங்கலம் ரோட்டு ஆக்சிடெண்ட்ல செத்தாரே வாட்ச்மேன், அவரோட சம்சாரம். அன்னைக்கு ஆபீஸ் உள்ள கண்ணாடி தொடச்சிட்டு இருந்தாங்களாம். வண்டியப் பாத்திருக்காங்க. டிரைவர் மூஞ்சி தெரியலையாம், நம்பர் தெரியலையாம், எழுத்துதான் தெரிஞ்சுதாம். கேட்டா, இவங்களுக்குப் படிக்கத் தெரியாது” என்று சொல்லிச் சிரித்தார். “எந்தக் கடை எழுத்துன்னு நீங்க பாத்தாச் சொல்லிருவீங்கல்ல?”

நான் கண்ணாடியில் என் எழுத்தைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, அதே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையில் துணியோடு இவள் நின்றிருக்கிறாள். வெளியிலிருந்துதான் அது முகம் பார்க்கிற கண்ணாடி. உள்ளேயிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். எனக்கு இது ஏன் தோன்றாமல் போனது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன். பிறகு மேஜையில் மாதிரித் தாள்களைப் பரப்பினேன். ஊரில் ஓடுகிற எழுத்து வகை எல்லாம் என்னிடம் உண்டு. சும்மா தள்ளிச் சாய்த்தவை, மெல்லியவை, குஞ்சம் வைத்தவை, நடுவில் என் வலச்சாய்வு ‘பாய்ச்சல்’. இடச்சாய்வை எடுக்கவில்லை. அவள் எதையாவது தொட்டு ‘இதுதான்’ என்று சொல்லியிருந்தால் என் கதையும் அவள் கதையும் அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும்.

அவள் ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தாள். “இது சன்னமா இருக்குதுங்க. அன்னைக்குப் பாத்தது எல்லாம் ஒரே தடி. ஆரம்பமும் முடிவும் ஒரே மாரி.” வலச்சாய்வு ‘பாய்ச்சல்’ வந்ததும் நின்றாள். “இது கிட்டத்துல வருதுங்கண்ணா. ஆனா இது இல்லீங்க. இது பின்னால இழுக்குது. அது வண்டி போற பக்கமே குனிஞ்சுட்டு ஓடுச்சுங்க.”

ஏட்டையா போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அவள் டீ டம்ளரின் ஈரத்தைச் சுட்டுவிரலில் தொட்டு மேஜைக் கண்ணாடி மேல் ‘ண’ வரைந்தாள், அவளுக்கு அது ‘ண’ என்று தெரியாமலே. ‘ஜெபமணி’யில் வருகிற ‘ண’. இடப்பக்கம் சாய்ந்தது, மூன்று சுழியும் நசுங்காமல், ஒரே பருமனில். கண்ணாடி துடைக்கிற கை, அளவு தப்பவில்லை.

மேடம், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்து நான்கு வருஷம். எத்தனை முதலாளி, எத்தனை படித்தவன், எத்தனை டிசைனர். ஒருத்தன் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத ஒருத்தி, புருஷன் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் பார்த்திருக்கிறாள். சந்தோஷத்தில் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

ஏட்டையாவுக்கு ஸ்டேஷனிலிருந்து அழைப்பு, தலை போகிற அவசரம். “எல்லாம் கோணை எழுத்துதானம்மா, இத வச்சு எவனப் புடிக்கிறது? நீ பஸ்ஸப் புடிச்சுப் போய்ரு” என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஊரே அப்படித்தான்.

அவள் போகவில்லை. கூடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். “அண்ணா, இந்தத் தடி எழுத்தச் செஞ்சது யாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?”

தெரியாது என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. “நான்தான்” என்றேன்.

“அந்தக் குனிஞ்சு ஓடறது?”

“அதுவும் நான்தான்.”

“எத்தன வண்டிக்கு ஒட்டியிருக்கீங்க?”

“ஒரே ஒரு வண்டிக்குத்தாம்மா. வேற யாரும் வாங்கிக்கல.”

அவளுக்கு அது சந்தோஷமான சேதி. ஒரே வண்டி என்றால் ஆளைப் பிடித்துவிடலாம் அல்லவா. “உங்களுக்குப் புண்ணியமாப் போவும், அந்த வண்டி யாருதுன்னு சொல்லுங்கண்ணா” என்று கும்பிட்டாள். நான் அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஃப்ளெக்ஸை விலக்கிக் காட்டினேன். ஏன் காட்டினாய் என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். வீட்டுக்கு வந்தவருக்குக் குழந்தையைத் தூக்கிக் காட்டுவதில்லையா, அந்த மாதிரிதான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். ‘ஜெ’யில் தொடங்கி ஒவ்வொரு எழுத்தாக உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போனாள். பிறகு திரும்பாமலே கேட்டாள். “நீங்க பின்னால எடுத்தீங்க இல்லீங்களா, அப்ப அவரு பேசினாருங்களா?”

இரண்டாவது முறை ஏற்றியதையும் அவள் பார்த்திருக்கிறாள். இதை உங்களிடம் சொல்லியிருந்தாளா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தாலும் யார் காதில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

“பேசினாரு. நல்லா இருப்பீங்கன்னாரு” என்றேன்.

அவள் அழவில்லை. “நான் கண்ணாடியத் தட்டிக்கிட்டே இருந்தங்க. உங்களுக்குக் கேக்கலியாண்ணா?” என்றாள்.

கேட்கவில்லை என்றேன். அது உண்மை.

அதற்குப் பிறகும் அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன், இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். “நல்லாப் பாரும்மா. அன்னைக்குப் பாத்தது இதுதானா, இல்ல உள்ள தாள்ல இருந்துச்சே அந்த மாதிரியா?” என்று கேட்டேன். உள்ளே இருந்தது என்று சொல்லியிருக்கலாம். ஒரு ஆம்பளையோடு தனியாக, சுற்றுச்சுவருக்குள் நிற்கிறோம் என்று தெரியாதவள் இல்லை. சொல்லியிருந்தால் நானே பஸ் ஏற்றிவிட்டிருப்பேன். அவளுக்குச் சமத்து போதவில்லை. “இதேதாங்க. இந்த மாரி வேற ஒண்ணு இருக்காதுங்க” என்றாள்.

இருபத்து நான்கு வருஷமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான்.

வேனுக்குள் வீல் ஸ்பேனர் இருந்தது. முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. அவள் வண்டிமேல் சாய்ந்து, எழுத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். பிடிக்க அதில் என்ன இருக்கிறது, தகரம்தானே. இரண்டாவது அடியில் பற்கள் போயின. அதற்கப்புறமும் அவள் கை எழுத்தின் மேலேயே இருந்தது. விரல்களில் ஒரு அடி அடித்தேன், எடுத்துவிட்டாள். மொத்தம் ஏழு. நான் எண்ணியதால் தெரியும். கடைசி இரண்டு தேவையில்லாதவை, அவள் நான்கிலோ ஐந்திலோ போய்விட்டாள். யாரோ அச்சுப்பிழை என்று திருப்பிக் கொடுத்த ஃப்ளெக்ஸில் சுற்றி, சூளகிரிப் பக்கம் வேலை நின்றுபோய்த் தண்ணீர் தேங்கிய ஒரு பாறைக்குழியில், இடுப்பில் கல் கட்டி இறக்கினேன். திரும்பி வந்து சோப்புத் தண்ணீர் தெளித்து வண்டியைக் கழுவினேன். ஸ்டிக்கரில் ஒரு ஓரம்கூடப் பெயரவில்லை.

ஏட்டையா கேட்டபோது, பஸ் ஏற்றிவிட்டேன் என்றேன். அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போனவர் அவர், அதற்கு மேல் கிளறவில்லை. அது நான் சொன்ன ஒரே பொய். இரண்டு நாளில் கல் நழுவிப் பிணம் மிதந்தது. அதற்கு மறுநாள் காவேரிப்பட்டினத்து மாம்பழ வியாபாரி குலாம் ரசூலை நீங்கள் பிடித்தீர்கள். வெள்ளை வேன், பம்பரில் நசுங்கல், பக்கவாட்டில் சாய்ந்த எழுத்து. புருஷனை ஏற்றிக் கொன்று, சாட்சி சொல்லப் போன பெண்டாட்டியையும் தீர்த்தவர் என்று பேப்பரில் வண்டியின் போட்டோவோடு போட்டார்கள்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. என்னை யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் ஒரு நிரபராதி ஜெயிலுக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அதனால்தான் நேற்றுக் காலையில் நானே வந்தேன். அந்தப் போட்டோவை எடுத்து வைத்துப் பாருங்கள். வண்டியின் இடப்பக்கம் அது, எழுத்து வலப்பக்கம் விழுகிறது. ‘ழ’வின் வால் வீங்கியிருக்கிறது. எவனோ நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துத் தள்ளி, காய்ந்த தகரத்தில் அப்பியிருக்கிறான். அதைப் போய் மாரம்மா பார்த்த எழுத்து என்று கோர்ட்டில் சொல்வதா? அவளை அப்படி அவமானப்படுத்த உங்களுக்கு எப்படி மனசு வந்தது? குலாம் ரசூல் பாய் வீட்டுக்குப் போகட்டும். குற்றப்பத்திரிகையில் ‘சாய்ந்த எழுத்து’ என்று மட்டும் எழுதாமல் ‘பாய்ச்சல், இடச்சாய்வு’ என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு கொலையையும் நான்தான் செய்தேன். யாரும் மிரட்டி எழுதி வாங்கவில்லை. இன்னும் ஒன்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். இன்று காலை என்னை உள்ளே கூட்டிவந்தபோது வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. கவிப்ரியா, முனிராஜுக்கும் மாரம்மாவுக்கும் ஒரே மகளாம். “எங்கம்மா உங்கள என்னங்க பண்ணாங்க?” என்று என்னைக் கேட்டது. போலீஸ்காரம்மா தள்ளிக்கொண்டு போனதால் நான் பதில் சொல்லவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் தாய் தகப்பனை இழந்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர், அந்தப் பெண்ணுக்கு அழுவதற்குத் துணைக்கு ஆள் கிடைக்கும். என் எழுத்தைப் பார்த்த ஒரே கண்ணை இழந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு யார் ஆறுதல் சொல்வது என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட வாய் வரைக்கும் வந்தது. அழுதுகொண்டிருக்கிற பிள்ளையிடம் அதைப் போய்க் கேட்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். எனக்கும் இரக்கம் உண்டு, மேடம்.